விழுங்கிய கிருமி ஏன் சாகவில்லை? மேக்ரோஃபேஜும் காசநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் பல வருஷம் மருத்துவ ஆய்வகத்தில் சளி மாதிரிகளைப் பார்த்து வேலை செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பிறை, பட்டர்வொர்த் பக்கம் கோயில் மண்டபங்களில் நடக்கும் சுகாதாரப் பேச்சுகளுக்குக் கூப்பிடுகிறார்கள். பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் மனதில் இருக்கும் கேள்விகள் வெளியே வரும். அவையும் பெரும்பாலும் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது பற்றியெல்லாம் உங்கள் கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

மேக்ரோஃபேஜ் மேக்ரோஃபேஜ்னு சொல்றீங்களே சார், அது வெள்ளை அணுதானே?

அந்தக் குடும்பம்தான். எலும்பு மஜ்ஜையில் உருவாகும் மோனோசைட் என்ற வெள்ளை அணு, கொஞ்ச காலம் ரத்தத்தில் சுற்றிவிட்டுத் திசுக்களுக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜாக மாறும். பள்ளிப் புத்தகத்தில் பெருவிழுங்கி என்று படித்திருப்பீர்கள். வேறு சில, நாம் கருவில் இருக்கும்போதே உறுப்புகளில் குடியேறி அங்கேயே பெருகிக்கொள்பவை. மூளையில் இருக்கும் மைக்ரோகிளியா அந்த வகை. கல்லீரலில் இருப்பவற்றுக்குக் குப்ஃபர் செல் என்று பெயர். நமக்கு இங்கே முக்கியமானவை நுரையீரலின் காற்றறைகளுக்குள் இருப்பவை.

கிருமியைக் கொல்வது மட்டும் இதன் வேலை என்று நினைக்க வேண்டாம். சுமார் 120 நாள் ஓடிக் களைத்த சிவப்பணுக்களை மண்ணீரலில் விழுங்கி, அதிலுள்ள இரும்பைத் திருப்பிக் கொடுப்பதும் இதுதான். மூச்சோடு போன தூசியை அள்ளுவது, செத்த செல்களை அப்புறப்படுத்துவது, ஆறும் புண்ணைச் சீராக்குவது என்று நாள் முழுக்க வேலை இருக்கிறது.

இந்த விழுங்கும் வேலையை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்யப் பேரரசு நாட்டு விஞ்ஞானி. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடி போலத் தெரியும் நட்சத்திர மீன் லார்வாவின் உடலில் ஒரு சின்ன முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. அதே 1882இல், மார்ச் 24ஆம் தேதி, பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கிருமியும் அதை விழுங்கும் செல்லும் ஒரே வருஷத்தில் வெளிச்சத்துக்கு வந்தன.

கிருமி உள்ள வந்துடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கு?

கண் இல்லை, அந்தச் செல்லின் மேற்பரப்பில் தொட்டு உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் சுவரில் நம் உடலில் எங்குமே இல்லாத சில பொருள்கள் உண்டு. அவை பட்டவுடன் ஏற்பி விழித்துக்கொள்ளும். டால் ஏற்பிகள் என்பவை இதில் பிரபலமானவை. ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் ஆன்டிபாடிகளும் கிருமிமேல் போய் ஒட்டிக்கொண்டால், அடையாளம் காண்பது இன்னும் சுலபம்.

அப்புறம் செல்லின் தோல் நீண்டு கிருமியைச் சூழ்ந்து உள்ளே இழுத்துவிடும். கிருமி இப்போது ஃபேகோசோம் என்ற ஒரு பைக்குள் இருக்கிறது. இந்தப் பையோடு லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து கலக்கும். அதில் அமிலமும் செரிக்கும் நொதிகளும் இருக்கின்றன. சாதாரணமாகத் தொண்டைக்கோ தோலுக்கோ வரும் பல பாக்டீரியாக்களின் கதை அங்கேயே முடிந்துவிடும். கூடவே மேக்ரோஃபேஜ் சில ரசாயனத் தூதுகளை வெளியே விடும். காய்ச்சல் வருவது அவற்றால்தான். அதில் ஒன்றான இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போய் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்க வைக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘சிஆர்பி கூடியிருக்கு’ என்று டாக்டர் காட்டுவது இதைத்தான்.

அப்படின்னா டிபி கிருமியையும் முழுங்கிச் சாகடிச்சிட வேண்டியதுதானே? ஏன் முடியல?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மற்ற பதில்கள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நோயாளி இருமும்போது வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கும். பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரோமீட்டர் அளவுள்ளவை மட்டும் காற்றறை வரை போய்ச் சேரும். அங்கே காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் கடமை தவறாமல் அதை விழுங்குகிறது. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது, ஏனென்றால் கிருமிக்கு வேண்டியதும் அதுதான். அமிலப் பை தன் பையோடு வந்து கலக்காதபடி அது தடுத்துவிடுகிறது. அதன் மெழுகுச் சுவரில் உள்ள லிப்போஅராபினோமன்னன் என்ற பொருளும், அது வெளியே விடும் சில நொதிகளும் இந்தக் காரியத்தைச் செய்கின்றன. ஈசாட்-6 என்ற புரதத்தை வெளியேற்றும் அமைப்பு ஒன்றும் அதனிடம் உண்டு. அதை வைத்துப் பையின் சவ்வையே சேதப்படுத்துகிறது. அந்த மேக்ரோஃபேஜில் சேரும் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தின்று வாழ்கிறது. வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரிதான்.

அந்த மெழுகுச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மைக்காலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பு அமிலங்கள் அடுக்கடுக்காக இருக்கும். சாதாரணச் சாயம் உள்ளே இறங்காது. அதனால் ஆய்வகத்தில் சிவப்புச் சாயத்தைச் சூடாக்கி ஏற்றுவோம். ஏறிவிட்டால் அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவினாலும் போகாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். சாயத்தைப் பிடிவாதமாக வைத்துக்கொள்ளும் அதே சுவர்தான் மேக்ரோஃபேஜின் அமிலத்தையும் நொதியையும் தாக்குப்பிடிக்கிறது.

இன்னொன்று, இதற்கு அவசரமே கிடையாது. ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும்.

அப்போ எல்லாருக்கும் நோய் வந்துருக்கணுமே? நம்ம உடம்பு சும்மாவா இருக்கு?

சும்மா இல்லை. ஆனால் உதவி வரத் தாமதமாகிறது. கிருமியை ஏந்திய சில செல்கள் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே இருக்கும் டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களுக்கு அதைக் காட்ட வேண்டும். பொருத்தமான டி செல் அதை அறிந்து, பெருகி, நுரையீரலுக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். அப்படி வந்த டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அது பட்டவுடன் மேக்ரோஃபேஜின் குணமே மாறுகிறது. அமிலப் பை கலக்கத் தொடங்கும், கொல்லும் ரசாயனங்கள் கூடும்.

இதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வது. விழுங்குவதற்கு மேக்ரோஃபேஜுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கிருமியைக் கொல்ல, டி செல்லிடமிருந்து உத்தரவு வந்தாக வேண்டும். எச்ஐவி கிருமி அழிப்பது சிடி4 என்ற அந்த டி செல்களைத்தான். மேக்ரோஃபேஜ் அங்கேயே இருக்கும், உத்தரவு மட்டும் வராது. எச்ஐவி உள்ளவர்களைக் காசநோய் இவ்வளவு சுலபமாகப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்ரேயில ‘பழைய தழும்பு’ன்னு எழுதியிருக்காங்க. எனக்கு டிபி வந்ததே இல்லையே அண்ணே?

வந்து, நீங்கள் அறியாமலே அடங்கியிருக்கலாம். தழும்புக்கு வேறு காரணங்களும் உண்டு. எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

அடங்குவது எப்படி என்றால், கிருமி புகுந்த மேக்ரோஃபேஜ்களைச் சுற்றிப் புது மேக்ரோஃபேஜ்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்லாக மாறும். வெளி வட்டத்தில் டி செல்கள் நிற்கும். இந்தக் கட்டிக்கு கிரானுலோமா என்று பெயர். நடுப்பகுதி செத்து, வெளிர்மஞ்சளாக மெத்தென்று கிடக்கும். காலப்போக்கில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகினால் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

கிரானுலோமா என்றால் கிருமியைச் சிறைவைக்கும் சுவர் என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி உண்மை. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன், உடல் ஒளி ஊடுருவும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் காசநோயின் உறவுக்காரக் கிருமியை விட்டு, நடப்பதை உயிரோடு இருக்கும்போதே பார்த்தார். சாகும் மேக்ரோஃபேஜை விழுங்கப் புது மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. விழுங்கியவற்றுக்குள் கிருமியும் போகிறது. ஆக, ஆரம்ப நாட்களில் அந்தக் கட்டியே கிருமி பரவவும் இடம் கொடுக்கிறது.

வீட்டுல ஒருத்தருக்கு டிபி. நாங்க எல்லாரும் ஒரே வீடு. எங்களுக்கும் வந்துருமா?

கிருமி புகுவது வேறு, நோய் வருவது வேறு. உலக மக்கள்தொகையில் சுமார் கால்வாசிப் பேரிடம் இந்தக் கிருமி புகுந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோய் வரும். முதல் இரண்டு வருஷத்தில் ஆபத்து அதிகம். மற்றவர்களிடம், மேலே சொன்ன உத்தரவு சரியாகப் போய்க்கொண்டே இருப்பதால், கிருமி அடங்கிக் கிடக்கும். அப்படி இருக்கும்போது இருமலும் இருக்காது, அவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது.

அதனால் பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து கூப்பிட்டால் வீட்டோடு போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள். அடங்கிய நிலையிலேயே கிருமியை ஒழிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கணுமா?

தேவையில்லை. இது மூச்சுக்காற்றில் பரவுவது, பாத்திரத்தில் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆரம்ப வாரங்களில் அவர் முகக்கவசம் போடட்டும், அது போதும். 1950களின் கடைசியில் சென்னையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில், காசநோயாளிகளுக்கான தனி மருத்துவமனையான சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. மனுஷரைத் தனியாக உட்கார வைத்துச் சோறு போடும் வழக்கத்தை இனியாவது விட்டுவிடலாம்.

கையில ஊசி போட்டாங்க, ரெண்டு நாள்ல வீங்கிடுச்சு. அப்போ டிபி உறுதியா?

இல்லை. மான்டூ பரிசோதனை என்ற அந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் புரதங்கள் மட்டும் தோலுக்குள் போகின்றன. இந்தக் கிருமியை முன்பே சந்தித்த டி செல்கள் உங்கள் உடம்பில் இருந்தால், அவை அங்கே வந்து மேக்ரோஃபேஜ்களைக் கூப்பிடும். 48 முதல் 72 மணி நேரத்தில் அந்த இடம் தடிக்கும். ‘இந்த உடம்பு இதை முன்னாலேயே பார்த்திருக்கிறது’ என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். நோய் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் சளியும்தான் சொல்லும்.

சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் ஓரளவு தடிக்கலாம். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. ரத்தத்தை ஈசாட்-6 போன்ற புரதங்களோடு சேர்த்து வைத்து, டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா சுரக்கின்றனவா என்று அளப்பார்கள். பிசிஜி கிருமியிடம் ஈசாட்-6 இல்லை, அதனால் தடுப்பூசி இந்த முடிவைக் கெடுக்காது.

தோள்ல பிசிஜி தழும்பு இருக்கே, அப்புறம் எப்படி டிபி வருது?

பிசிஜி என்பது கால்மெட், கெரன் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருஷம் ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்க வைத்தது. அந்த வளர்ப்பில்தான் ஈசாட்-6 உள்ள மரபணுப் பகுதி தொலைந்துபோனது. 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்தார்கள். மலேசியாவில் 1961இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியதிலிருந்து இது நம்மோடு இருக்கிறது.

குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவியும் வரும் கொடிய காசநோயிலிருந்து இது நன்றாகக் காப்பாற்றுகிறது. பெரியவர்களின் நுரையீரல் நோய்க்கு அப்படி நம்ப முடியாது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கானோரிடம் நடந்த ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்றே தெரிந்தது. அதற்காகக் குழந்தைக்குப் போடாமல் விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு அது தேவை.

இனிப்புநீர் இருந்தா டிபி சீக்கிரம் வரும்னு நர்ஸ் சொன்னாங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம்மவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பதில் இது. இந்த நாட்டில் நீரிழிவு அதிகமாக இருப்பது இந்தியர்களிடம்தான். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களின் விகிதம் அதைவிட வெகு அதிகம். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவரைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியே இருந்தால் மேக்ரோஃபேஜ் விழுங்குவதும் தூது அனுப்புவதும் மந்தமாகின்றன. டி செல்லுக்குச் செய்தி போவது தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில் கிருமி பெருகிவிடும். பின்னால் வரும் எதிர்வினை அளவுக்கு மீறிப் போய்த் திசுவைக் கெடுக்கவும் செய்யும்.

மருந்து விஷயத்திலும் கவனம் வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். ஐசோனியசிட் கால் மரத்துப்போவதைக் கூட்டலாம், அதற்குத்தான் கூடவே வைட்டமின் பி6 கொடுப்பார்கள். இரண்டு நோய்க்கும் மருந்து தருபவர்கள் வேறு வேறாக இருந்தால், இருவரிடமும் எல்லா மாத்திரைகளையும் காட்டிவிடுங்கள்.

மூட்டுவலிக்கு விலை கூடுன ஊசி போடப் போறாங்க. அதுக்கு முன்னாடி எதுக்கு டிபி டெஸ்ட்?

முடக்குவாதத்துக்குப் போடும் அந்த ஊசிகளில் ஒரு வகை, டிஎன்எஃப் என்ற தூதுப்பொருளைத் தடுப்பது. மூட்டில் வீக்கம் உண்டாக்குவது அதுதான். கிரானுலோமாவைக் கலையாமல் வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப். ஊசி போட்டவுடன் பல வருஷமாக அடங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிடலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து புழக்கத்துக்கு வந்தபின், 2001இல் இந்த ஆபத்து தெளிவாகப் பதிவானது. அன்றிலிருந்து முதலில் பரிசோதனை, தேவைப்பட்டால் அடங்கிய கிருமிக்குச் சிகிச்சை, பிறகுதான் ஊசி.

நோய் எதிர்ப்புச் சக்திய கூட்டுற பவுடர் விக்கிறாங்களே, அத சாப்பிட்டா போதும்தானே?

போதாது. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், கேட்பவர்மேல் இல்லை, விற்பவர்மேல்.

காசநோயில் எதிர்ப்பு குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். நுரையீரலில் குழி விழுவது கிருமி கடித்துத் தின்பதால் இல்லை. மேக்ரோஃபேஜ்களும் மற்ற செல்களும் சுரக்கும் நொதிகள் நம் திசுவையே கரைப்பதால். வரிக்குதிரை மீன் ஆய்வில் டிஎன்எஃப் குறைந்தபோதும் மேக்ரோஃபேஜ் செத்தது, அளவு மீறியபோதும் செத்தது, இரண்டிலும் கிருமிக்குத்தான் லாபம். மூளையைத் தாக்கும் காசநோய்க்குக் கிருமி மருந்தோடு சேர்த்து எதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

வைட்டமின் டி பற்றியும் கேட்பார்கள். மேக்ரோஃபேஜ் ஒரு கிருமிக்கொல்லிப் புரதத்தைச் செய்ய வைட்டமின் டி வேண்டும் என்பது உண்மை. ஆனால் மங்கோலியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், கிருமி தொற்றுவது குறையவில்லை. குறைபாடு இருந்தால் டாக்டர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எடை குறையாமல் பார்த்துக்கொள்வது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, இவற்றால் பலன் உண்டு.

சிகரெட்டுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

உண்டு. புகைப்பவரின் மேக்ரோஃபேஜ்களை நுண்ணோக்கியில் பார்த்தால் பழுப்புத் துகள் நிரம்பியிருக்கும். செரிக்காத அந்தக் குப்பையால் அவற்றின் லைசோசோம்கள் அடைத்துப்போய், போக வேண்டிய இடத்துக்கு நகர்வதும் குறைகிறது. விட்டுவிடுங்கள்.

ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடுச்சு. எதுக்கு இன்னும் நாலு மாசம் மாத்திர?

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள், இதுதான் வழக்கமான சிகிச்சை. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே பெருமளவு செத்துவிடும். இருமல் நிற்பது அதனால்தான். ஆனால் மேக்ரோஃபேஜுக்குள்ளும் செத்த திசுவுக்குள்ளும் மெதுவாக, கிட்டத்தட்ட அசையாமல் கிடப்பவை மிஞ்சியிருக்கும். பெருகாத கிருமியைப் பெரும்பாலான மருந்துகளால் சுலபத்தில் கொல்ல முடியாது.

மருந்துகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தாக்குகின்றன. ஐசோனியசிட் அந்த மெழுகுச் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. பிராசினமைட் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும், மேலே சொன்ன அமிலம் இங்கே நமக்கு உதவுகிறது. அவ்வப்போது எழுந்து இயங்கும் கிருமியையும் ரிஃபாம்பிசின் பிடித்துவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது அதனால், பயப்பட வேண்டாம். பாதியில் விட்டால் மிஞ்சியவை மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் வாய்ப்புண்டு. தினமும் கிளினிக்குக்குப் போய்த் தாதியின் முன் மாத்திரை விழுங்குவது சலிப்பான வேலைதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் ரொம்பச் சிரமப்படுகிறார்கள். நேரம் ஒத்துவராவிட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். போகாமல் நின்றுவிடாதீர்கள்.

கழுத்துக் கட்டிக்கு மருந்து சாப்பிடுறேன், கட்டி சின்னதாகாம பெருசாகுது. மருந்து தப்பா?

தப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்தால் கிருமிகள் சாகும்போது அவற்றின் உடைந்த துண்டுகள் வெளியே சிந்தும். அதைப் பார்த்து மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் கூட்டமாக வரும், கட்டி வீங்கும். நிணநீர் முடிச்சுக் காசநோயில் இது அரிதல்ல. எச்ஐவி மருந்து தொடங்கியவர்களுக்கும் இப்படி நடக்கலாம், அங்கே நெடுநாள் வராத உத்தரவு திடீரென்று வருகிறது. ஆனாலும் மருந்துக்கு அடங்காத கிருமியா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் நீங்களே முடிவு கட்டாமல், மாத்திரையை நிறுத்தாமல், டாக்டரிடம் காட்டுங்கள்.

சளியில கிருமி இல்லன்னு ரிசல்ட் வந்துச்சு, ஆனா டிபி மருந்து குடுக்குறாங்க. இது எப்படி?

நான் பார்த்த வேலை என்பதால் சொல்கிறேன்: நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சி கண்ணில் பட, ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருக்க வேண்டும். கிருமி கட்டிக்குள் அடைபட்டிருந்தால் சளிக்கு அவ்வளவு வராது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தாலும் வராது, அடியிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். மரபணுப் பரிசோதனை இன்னும் குறைந்த அளவையும் கண்டுபிடிக்கும், சில மணி நேரத்தில் முடிவும் வரும். வளர்த்துப் பார்ப்பது அதைவிட நுட்பமானது, ஆனால் முன்னே சொன்னபடி இது ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிருமி. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மேக்ரோஃபேஜுக்குள்ள ஒளியுற கிருமி இது ஒண்ணுதானா?

இல்லை. டைபாய்டு கிருமி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை மேக்ரோஃபேஜ்களுக்குள் தங்கும். ரத்தத்தில் கிடைக்காத டைபாய்டு கிருமி சில சமயம் மஜ்ஜையில் கிடைப்பது அதனால். தொழுநோய்க் கிருமி காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு, அதுவும் மேக்ரோஃபேஜுக்குள் வாழும்.

நம் நாட்டில் அதிகம் பேசப்படாத ஒன்று மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் பாக்டீரியாவால் வருவது. 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பரிசோதனை முயல்களும் கினி எலிகளும் கொத்தாக நோயுற்றதை வைத்துத்தான் ஸ்டான்டன், ஃப்ளெட்சர் என்ற இருவர் இந்த நோயை விரிவாக ஆராய்ந்தார்கள். இந்தக் கிருமி பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, செல்லின் உள்ளே உள்ள ஆக்டின் இழைகளைப் பயன்படுத்தி நகர்ந்து, பக்கத்துச் செல்லோடு இணைய வைத்து அதற்குள் போகும். இதற்கும் பெரிய ஆபத்துக் காரணி நீரிழிவுதான். எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியும், ஆனால் காசநோய் மருந்து கேட்காது. முதலில் குறைந்தது இரண்டு வாரம் நரம்பு ஊசி, பிறகு மூன்று மாதம் மாத்திரை. தோட்ட வேலை, வயல் வேலை, வெள்ளத்தில் இறங்கிய விவரம் இருந்தால் டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரு தடவ குணமாயிட்டா மறுபடி வராதுல்ல மாமா?

வரலாம். அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் காப்பு என்ற பேச்சு இதில் இல்லை. மிஞ்சிய கிருமி எழலாம், அல்லது வேறொருவரிடமிருந்து புதிதாகத் தொற்றலாம். அடுத்த முறையும் முதலில் சந்திக்கப்போவது அதே காற்றறை மேக்ரோஃபேஜ், டி செல் வரும்வரை அதற்கு அதே சங்கடம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது இருந்தாலும் போய்ச் சளி கொடுங்கள். முன்பு மருந்து சாப்பிட்ட அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.